கடல் கடந்த சொல்

தாம்பரத்தினின்றும் சென்னைக் கடற்கரை நிலையத்திற்குச் செல்லும் மின்வண்டி 1931ஆம் ஆண்டு முதல் ஓடிவருகின்றது. அவ்வண்டியில் செல்வோர், வழியிலுள்ள நிலையங்களின் பெயர்ப்பலகைகளைச் சற்றே கருத்தூன்றிப் படிப்பாராயின், சொற்களின் பிறப்பையும் வளர்ப்பையும் பற்றிய நூலொன்றின் சில ஏடுகளைப் புரட்டியவர் ஆவர். தாம்பரத்தை அடுத்துள்ளது சானடோரியம். 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சவுரி முத்து என்பார் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். நோய் தீர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேர்ச்சொல் ஒன்று அம்மருத்துவமனை வழியாக ஊர்ப்பெயராகி, இன்று காய்கறி விற்பார் வாயிலும் எளிதாகப் புழங்குகின்றது.

அதற்கடுத்த நிலையம் குரோம்பேட்டை. இப்பெயரின் முன்பாதி கிரேக்கம், பின்பாதி தமிழ். ‘குரோமா’ என்னும் கிரேக்கச் சொல் நிறத்தைக் குறிப்பது. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் வோக்லன் 1797ஆம் ஆண்டில் புதிய உலோகம் ஒன்றைக் கண்டறிந்தார். அவ்வுலோகத்தின் உப்புகள் பச்சை, மஞ்சள், செம்மை எனப் பல நிறம் காட்டியமையால் அதற்குக் குரோமியம் என்று பெயர் அமைந்தது. முன்னாளில் தமிழ்நாட்டார் ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டே தோல் பதனிட்டனர். அவ்வுலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பிற்காலத்தில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்தை அடுத்து அம்முறையில் இயங்கும் தோல் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பும் கடைத்தெருவும் பெருகின, பேட்டை உண்டாயிற்று. பாரிசு நகரத்து ஆய்வுக்கூடமும் தமிழ்நாட்டுச் சந்தையும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கும் காட்சியை வேறெங்கும் எளிதிற் காண இயலாது.

இன்னும் சில கல் வடக்கே சென்றால் பரங்கிமலை. போர்த்துக்கீசியர் 1523ஆம் ஆண்டில் அம்மலையுச்சியில் கோயில் கட்டினர். ஆதலின் அது பரங்கியரின் மலையாயிற்று. அப்பரங்கி என்னும் சொல் எங்கிருந்து வந்தது? பிரான்சு நாட்டிற்குப் பெயர் தந்த ‘பிராங்கு’ என்னும் பழங்குடியினரிடமிருந்து வந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர் மேலை ஐரோப்பியர் அனைவரையும் அக்குடியின் பெயராலேயே வழங்கினர். பாரசீகர் அதனை ‘பரங்கீ’ என்பதுபோல் ஒலித்தனர். கப்பலேறி வந்த போர்த்துக்கீசியர்க்குத் தமிழ்நாட்டில் அப்பெயர் முன்னரே காத்திருந்தது. தாம் பிராங்கியர் அல்லர் என்று அவர்கள் மறுத்திருப்பினும் கேட்பார் யார்?

இவ்வாறு கூட்டுச்சொல் ஒவ்வொன்றும் இரண்டு குடும்பங்களின் வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. மேலே கண்டவற்றுள் இரு சொற்கள் பெயரோடு பெயர் கூடியவை. வினை கூடிப் பிறந்த சொற்களின் கதை இன்னும் சுவையுடையது. அதனை அறிவதற்கு முதலில் ஆங்கில மாலுமிகளின் வழக்கு ஒன்றைக் காணுதல் வேண்டும்.

‘கீல்ஹால்’ என்பது ஆங்கிலத்தில் இன்று அருகி வழங்கும் ஒரு கூட்டுவினை. ‘கீல்’ என்பது கப்பலின் அடியில் நீளவாட்டில் அமைந்த முதுகெலும்பு போன்ற மரம்; நம் கப்பல் தச்சர் அதனை ‘ஏரா’ என்பர். ‘ஹால்’ என்பது இழுத்தல். பழைய நாளில் டச்சுக் கப்பல்களில் கொடிய தண்டனை ஒன்று இருந்தது. குற்றம் செய்த மாலுமியைக் கயிற்றிற் பிணித்து, கப்பலின் ஒரு பக்கத்தே கடலில் தள்ளி, ஏராவின் அடியாக இழுத்து மறுபக்கத்தே எடுப்பர். மரத்தில் ஒட்டி வளர்ந்திருக்கும் கூரிய சிப்பிகள் உடலைக் கிழிக்கும், மூச்சு முட்டும். டச்சுக்காரர் இதனைக் ‘கீல்ஹாலென்’ என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது, அதன் இரு பாதிகளுக்கும் தம் மொழியில் நேரான சொற்கள் இருக்கக் கண்டு, அவற்றை அப்படியே பெய்துகொண்டனர். அவ்விரு மொழிகளும் ஒருதாய் மக்கள் ஆதலின் அஃது எளிதாயிற்று. ஆயினும் ஆங்கிலத்து ‘ஹால்’ நேர்வழியில் வந்த பிள்ளையன்று. செருமானியக் குடும்பத்திற் பிறந்து, பிரெஞ்சு வீட்டில் வளர்ந்து, பின்பு ஆங்கிலத்திற்கு வந்தது. டச்சுச் சொல்லோ பிறந்த வீட்டைவிட்டு நீங்காதது. பிரிந்த உடன்பிறப்புகள் கப்பல் தளத்தில் மீண்டும் சந்தித்தன என்னலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டச்சு அரசு அத்தண்டனையை ஒழித்தது. இன்று அவ்வினைச்சொல் கடுமையாகக் கடிந்து பேசுதலை மட்டுமே குறிக்கின்றது. உடலைக் கிழித்தது வெறும் வசைச்சொல்லாய்த் தேய்ந்தது.

கீல்ஹால் என்பதன் உறுப்புகள் மொழிமாற்றத்திலும் அழியவில்லை. கேட்ட ஆங்கிலேயன் ஏராவையும் இழுத்தலையும் அதில் உணர்ந்தான். இதற்கு நேர்மாறான கதை தாம்பரத்திற்குக் கிழக்கே உள்ள கடற்கரையிற் பிறந்தது.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் கடல் தோன்றும். திருவான்மியூர், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கோவளம் என மீனவர் ஊர்கள் அக்கரையில் வரிசையாக அமைந்துள்ளன. பல நூற்றாண்டுகளாக இவ்வூரார் கடலுக்குச் சென்று வந்த ஊர்தி கட்டுமரம்.

கட்டுமரத்தைப் படகு என்று சொல்லுதல் பொருந்தாது. படகிற்கு அகடு உண்டு. அதனுள் நீர் புகாதவரை அது மிதக்கும். கட்டுமரத்திற்கு அகடே இல்லை. எடை குறைந்த மரத்துண்டுகள் மூன்றோ ஐந்தோ ஏழோ அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகப் பிணிக்கப்பெறும். நடுமரம் நீண்டும் பக்கமரங்கள் குறுகியும் இருக்கும். முன்பக்கம் அலையைக் கிழிக்குமாறு மேல்நோக்கி வளைந்த அணியம் பொருத்தப்படும். ஆணி ஒன்றும் இல்லை. அலை மேலே மோதினால் நீர் மரங்களின் இடுக்கு வழியே வழிந்து போய்விடும். ஆகவே அது நீர் நிறைந்து மூழ்குதல் என்பது இல்லை. கவிழ்ந்தாலும் மீனவர் அதனைப் புரட்டி மீண்டும் ஏறிக்கொள்வர். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலிற் பரப்பி உலர்த்துவர். நீரில் ஊறிய மரம் கனத்துப்போகும். ஆதலின் நாள்தோறும் அவிழ்ப்பதும் நாள்தோறும் கட்டுவதும் இன்றியமையாதன. ‘கட்டு’ என்னும் வினை அவ்வூர்திக்குப் பெயராயினமை எத்துணைப் பொருத்தம்!

இலக்கணம் கற்கும் மாணவர்க்கு இச்சொல் நல்லதொரு பயிற்சி. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என மூன்று காலத்திற்கும் விரித்துப் பொருள் கொள்ளலாம். காலங்காட்டும் உறுப்பு மறைந்து, வினைப்பகுதி மட்டும் பெயரோடு சேர்ந்து நிற்பதால் இது வினைத்தொகை. ஊறுகாய், குடிநீர், சுடுகாடு என்பனவும் இவ்வகையின. இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கட்டுச்சோறு என்னுமிடத்தில் வல்லெழுத்து மிகுகின்றதே. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாதன்றோ? ஆம், கட்டுச்சோற்றில் ‘கட்டு’ என்பது மூட்டையைக் குறிக்கும் பெயர். கட்டுமரத்தில் வருமொழி மகரத்தில் தொடங்குவதால் எழுத்தை மட்டும் வைத்து வேறுபாடு காண வழியில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டும் தொழிலே அங்கே சான்று. இலக்கணத்திற்குக் கடற்கரை மணல் சான்று பகரும் இடம் இது.

ஆங்கிலத்திலும் இத்தகைய அமைப்பு உண்டு. கோட்டை அகழியின் மேல் இழுத்துத் தூக்கப்படும் பாலத்தை ‘டிராபிரிட்ஜ்’ என்பர். ‘இழுபாலம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். எனவே, கட்டுமரத்தையும் ஆங்கிலேயர் தம் சொற்களால் மொழிபெயர்த்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. சொல்லை முழுதாக விழுங்கினர்.

அவ்வாறு விழுங்குதற்குக் காரணம் இருந்தது. சென்னைக் கரையில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து கரையை அறையும். 1639ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் இங்கே இடம்பெற்ற பிறகும், இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கப்பல் ஒதுங்கும் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐரோப்பியரின் படகுகள் அவ்வலையிற் சிக்கின் நொறுங்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் ஆட்களையும் சரக்கையும் கொண்டு சேர்த்தன. அவையும் அஞ்சும் நாட்களிற் கட்டுமரக்காரர் ஒருவரோ இருவரோ நீர் புகாத கூம்புத் தொப்பியினுள் கடிதங்களை வைத்துக்கொண்டு அலையைப் பிளந்து கப்பலுக்குச் செல்வர். மசூலாப் படகு கவிழ்ந்தால் வீழ்ந்தவர்களை எடுப்பவரும் அவரே. துறைமுகம் கட்டும் பணி தொடங்கிய பின்னும், 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. இத்தகைய கரையில் உயிரையும் ஓலையையும் ஒப்படைத்த ஓர் ஊர்திக்கு, அதனைச் செலுத்தியவர் இட்ட பெயரே நிலைத்ததில் வியப்பில்லை.

இச்சொல்லின் பயணத்திற்கு எழுத்துச் சான்று உண்டு. வெனிசு நகரத்து மணி வணிகர் காசுபரோ பால்பி என்பவர் 1580களில் சாந்தோமிற்கு வந்தார். ஏழு மரங்களைப் பிணித்துச் செய்த மிதவையையும், நடுவில் நீண்டு அலையைக் கிழிக்கும் மரத்தையும் கண்டு விளக்கி, ‘கதமெரோனி’ என்று அதன் பெயரையும் குறித்தார். அவருடைய நூல் 1590ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1673ஆம் ஆண்டில் இக்கரையோரமாக வந்த ஆங்கில மருத்துவர் சான் பிரையர், நடுவில் பாயும் பக்கத்தில் துடுப்பும் கொண்ட கட்டுமரங்கள் தம் கப்பலை நோக்கி வந்தமையை எழுதியுள்ளார். உலகைச் சுற்றிய மாலுமி வில்லியம் டாம்பியர் 1690ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையில் இருந்தவர். சோழமண்டலக் கரையார் இவ்வூர்திக்கு வழங்கும் பெயரை அவர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஆங்கில நாட்டில் பரப்பிற்று. நூறாண்டு இடைவெளியில் மூவர், மூன்று எழுத்துக்கூட்டல்கள். ஆயின் கரை ஒன்றே, பொருளும் ஒன்றே.

ஒலியில் நேர்ந்த மாற்றமும் எளிதில் விளங்குவது. நாவை மடித்து ஒலிக்கும் டகரம் ஐரோப்பியர்க்கு இயல்பன்று. ஆதலின் ‘கட்டு’ என்பது ‘கேட்ட’ என மெலிந்தது. இறுதி மகரம் னகரமாயிற்று. மரம் என்னும் இச்சொல் ‘மரன்’ எனத் தமிழிலேயே செய்யுள்வழக்கிற் பயில்வது. அயலாரின் திரிபு தற்செயலாக ஒரு பழைய வடிவத்தைத் தொட்டுவிட்டது. இவ்வாறு ‘கேட்டமரன்’ ஆங்கிலச் சொல்லாயிற்று.

உறுப்புகளின் பொருள் தெரியாமற் போகவே, சொல் நங்கூரம் அறுந்த கலம்போல் மிதக்கத் தொடங்கிற்று. 1804ஆம் ஆண்டில் நெப்போலியனின் படையெடுப்பை அஞ்சிய ஆங்கிலேயர், பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்ப்பதற்கு, வெடிமருந்து நிறைத்த மிதக்கும் பெட்டிகளை ஏவினர். அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட்டு புல்ட்டன் வகுத்த அக்கருவிகளும் கேட்டமரன் என்றே பெயர் பெற்றன. நீர்மட்டத்தோடு ஒட்டி மிதந்தமையன்றி அவற்றிற்கும் நம் மீனவரின் ஊர்திக்கும் உறவு யாது? ஆங்கிலத்திற் ‘கேட்’ என்பது பூனை. அவ்வோசை மயக்கத்தினால் போலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணையும் அச்சொல்லால் ஏசினர்.

பெருமாற்றம் அதன்பின் வந்தது. பசிபிக்குப் பெருங்கடலின் பாலினேசியத் தீவினர் இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து நெடுந்தொலைவு செல்வதில் வல்லவர். வில்லியம் பெட்டி என்னும் அறிஞர் 1662ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தில் இரட்டை உடற்கலம் ஒன்றைக் கட்டினார்; அதனை எவரும் அன்று கேட்டமரன் என்று சொல்லவில்லை. 1876ஆம் ஆண்டில் அமெரிக்கக் கலவல்லுநர் நத்தானியல் எர்ரசாபு ‘அமரில்லிசு’ என்னும் இரட்டை உடற்பாய்க்கலத்தை நியூயார்க்குப் போட்டியிற் செலுத்தி ஏனைய கலங்களை முந்தினார். விரைவு மிகுதியே குற்றமாகி, அத்தகைய கலங்கள் போட்டிகளினின்றும் விலக்கப்பட்டன. இவ்வகைக் கலங்களுக்குக் கேட்டமரன் என்னும் பெயர் நிலைத்தது. இன்று உலகெங்கும் அச்சொல் இரட்டை உடற்கலத்தையே குறிக்கும். தமிழர் கட்டிய மரமோ இரண்டு உடலும் உடையதன்று, ஓர் உடலும் உடையதன்று. பாலினேசியர் கலத்திற்குத் தமிழர் பெயர்! இரு சாராருக்கும் உரிய பங்கைக் கொடாத ஒரு பெயரிடுதல் இது.

கதை இத்துடன் முடியவில்லை. உக்ரைனிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த விக்டர் செச்செட்டு என்பார் 1940களில் மூன்று உடற்கலங்களைச் செய்தார். அவற்றிற்கு அவர் இட்ட பெயர் ‘டிரைமரன்’. ‘டிரை’ மூன்றைக் குறிப்பது. ‘மரன்’ நம் மரம். கட்டு என்பதை ‘இரண்டு’ எனக் கருதினாற்போல் அதனைக் களைந்து, அவ்விடத்தில் மூன்றைப் பொருத்திவிட்டனர். இப்பொழுது ஐந்து உடற்கலத்திற்குப் ‘பென்டமரன்’ என்று பெயர். மரம் என்னும் தமிழ்ச்சொல், கலத்தின் உடலைக் குறிக்கும் ஈற்றுச் சொல்லாய் ஆங்கிலத்திற் புதுவாழ்வு பெற்றுள்ளது. பாய்க்கலம் செலுத்துவோர் சுருக்கமாகக் ‘கேட்’ என்பதும் உண்டு. அங்கே வினை நின்று பெயர் விழுந்தது. சோழமண்டல மீனவரோ தம் ஊர்தியைப் ‘பெரியமரம்’, ‘சின்னமரம்’ என்பர். இங்கே பெயர் நின்று வினை விழுந்தது.

இச்சான்றுகளை அறிந்தவர் சிலர், ஓசை ஒத்த ஆங்கிலச் சொல் அனைத்தும் தமிழே என்று முடிவுகட்ட முற்படுவர். அஃது இடர்ப்பாடு உடையது. ‘கேசு’ என்று ஒலிக்கும் ‘காஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அவ்வடிவில் இரண்டு சொற்கள் உள்ளன. சென்னையில் 1818ஆம் ஆண்டிற்கு முன் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அக்காசு போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு ஆங்கிலத்திற் புகுந்தது. சீனரின் துளையிட்ட செப்பு நாணயத்திற்கும் ஆங்கிலேயர் அப்பெயரையே வைத்தனர். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் மற்றொரு ‘காஷ்’ வேறு குடியைச் சேர்ந்தது. அது பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. முகம் ஒன்று; குலம் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது ஓசை அன்று. எந்த ஆண்டில், எந்தக் கரையில், எவர் எழுதிய ஏட்டில் எப்பொருளில் வந்தது என்னும் ஆராய்ச்சியே. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் அகராதி இம்முறையைப் பின்பற்றியது. அதனை ஆக்கிய என்றி யூல், ஆர்தர் பர்னல் என்னும் இருவருள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாய் இருந்தவர். அகராதி அச்சேறுமுன் 1882ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அதனை வழங்கிய பயணிகளின் எழுத்தை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவது அந்நூலின் சிறப்பு. பால்பியின் ‘கதமெரோனி’யும் அதில் இடம்பெற்றுள்ளது.

கடல் கடந்து சென்ற சொல் திரும்பியும் வந்துள்ளது. விரைவுக்கலம் ஒன்றைப் பற்றிய செய்தியிற் ‘கேட்டமரான்’ என்று தமிழிலேயே அச்சிடுவதைக் காணலாம். வெளிநாடு சென்ற பிள்ளை வேற்றுடையில் வந்து நிற்க, வீட்டார் விருந்தினன் என்று கருதி இருக்கை இட்டது போன்றது அது.

பிறந்த கரையில் இன்று நிலை வேறு. கட்டுமரத்திற்குரிய எடை குறைந்த மரங்கள் மலைக்காடுகளிலிருந்து வரவேண்டும். அவை அரியனவாயின, விலையும் ஏறிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகத் தொடங்கின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் கட்டுமரங்களை அடித்துச் சென்றது. அதன்பின் உதவியாக வழங்கப்பட்டவற்றிற் பெரும்பாலன இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே. அவை விரைந்து செல்வன. நாள்தோறும் அவிழ்த்து உலர்த்தும் உழைப்பு வேண்டாதன. மீனவர் அவற்றை விரும்பியமைக்குக் காரணம் தெளிவு. நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை மணலில் இன்று வரிசையாக நிற்பவை அப்படகுகள். மரங்களைச் சேர்த்துப் பிணிக்கும் கயிற்றின் முறுக்கையும், எம்மரம் எவ்விடத்தில் அமைய வேண்டும் என்னும் கணக்கையும் கையறிவாய் அறிந்தவர் முதியோருட் சிலரே. அவ்வறிவைப் பெற விரும்பும் மாணவர் ஏட்டை மூடிவைத்துவிட்டு, விடியற்காலையில் அக்கரைக்குச் சென்று கேட்டல் வேண்டும்.